மரியாதைக்குரிய கொலையாளி

ஜனவரி 9

அன்புள்ள மாத்திரைக்கு,

நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் இரண்டு வாண்டுகளும் என்னைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் என் நாவலின் இருபத்திரண்டு அத்தியாயங்கள் வருகின்றன. நான்காவது தடவை. போன தடவை பார்சலை எடை போட்ட தபால் ஆபீஸ் அம்மா, "துணியா?" என்று கேட்டார். "கொலை" என்றேன். முறைத்தார்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறதல்லவா? போனில் நாவலைப் பற்றி மூச்சு விடக் கூடாது. படித்துவிட்டுக் கொலையாளி யாரென்று கடிதத்தில் எழுத வேண்டும். நீ சரியாகச் சொல்லிவிட்டால் நான் ஆளை மாற்ற வேண்டும். முதலில் டாக்டர் என்றாய். அப்புறம் எலக்ட்ரீஷியன். அப்புறம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்று தடவையும் மாற்றினேன். பதினைந்து மாதம் போய்விட்டதடி. நல்லவேளை, கதையில் வரும் குடியிருப்பில் சந்தேகப்பட இன்னும் ஏழு பேர் மிச்சம் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை தடயங்களைத் தலைகீழாக்கிவிட்டேன். நடையை மட்டும் தொடவில்லை. கதை சொல்கிறவள் இன்ஸ்பெக்டர் அல்லவா? சந்தேகப் பட்டியலில் இருப்பவனுக்கு அவள் மரியாதை தர மாட்டாள். டாக்டரோ தலைமையாசிரியரோ, எல்லாரும் அவன் இவன்தான். அந்தத் திமிர்தான் எனக்கு இந்த நாவலில் பிடித்ததே.

பதிப்பகத்து அம்மா கடைசியாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் முப்பதுக்குள் முழு நாவலும் கையில் வராவிட்டால் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாராம். நாற்பத்து நான்கு வயதில் இன்னொரு பதிப்பகம் தேட எனக்குத் தெம்பு இல்லை.

அப்பா வழக்கம்போல. "இன்னும் கிறுக்கிட்டுத்தான் இருக்கியா? ஆஸ்பத்திரியில ஃபைல் தூக்குறவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். எட்டு மணிக்குத் தட்டு வைக்க வேண்டும். வைக்கப் போகிறேன்.

இந்தத் தடவை தயவுசெய்து தப்பாகச் சொல்.

அன்புடன்,
ரப்பர்


பிப்ரவரி 2

என் ரப்பருக்கு,

பார்சலை மருந்துக் கடைக்கே எடுத்துப்போய், கூட்டம் இல்லாத நேரத்தில் கவுண்டருக்குக் கீழே வைத்துப் படித்தேன். பார்சலுக்குள் தனிச் சீட்டில் நீ கேட்டிருந்தாயே, தேநீரில் கலந்தால் கசப்புத் தெரியாத மருந்து எது என்று? அதை முதலாளி பார்த்துவிட்டார். இரண்டு நாளாக நான் போடும் டீயை அவர் குடிப்பதில்லை.

வர்ணனை எல்லாம் பிரமாதம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் தேநீரைக் குடித்துவிட்டு நாற்காலியிலேயே சரிகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் மன்னித்துவிடு. மூன்றாம் மாடித் தையல்காரர்தானே?

சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது. பெரியவள் என்னோடு பேசுவதில்லை, காரணம் அவளுக்கும் மறந்துவிட்டது.

உன்,
மாத்திரை


பிப்ரவரி 20

மாத்திரைக்கு,

ஆமாம். தையல்காரர்தான். சந்தோஷமா?

ஐந்தாவது ஆளைத் தேட எனக்கு இனி முடியாது. அதனால் ஒப்பந்தத்தை மீறி, தையல்காரரையே வைத்துக் கடைசி அத்தியாயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குடியிருப்பின் பொது ஹாலில் பத்துப் பேரும் நிற்கிறார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து கையை நீட்டுகிறாள். நீட்டிய கை அப்படியே நிற்கிறது. ஒரு வாக்கியம்தான் பாக்கி. நாற்பத்தொரு தாளைக் கிழித்துவிட்டேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ்ஸில் எழுதிப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் விரல் மரத்துப்போகிறது. ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

எனக்கு எழுத வராதடி. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆனது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் துப்பறியும் கதை எழுதினோமே, அப்போதே நீ என்னை அடக்கியிருக்கலாம். எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம் என்று ரப்பர் எனப் பேர் வைத்தாயே, அதோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தோம் என்று இருக்கிறது. இது கதைக்காகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவார். நான்கு பிரதியையும் போட்டுவிடப் போகிறேன். ஆறுதல் சொல்லி எழுதாதே, படிக்க மாட்டேன்.

ரப்பர்


மார்ச் 6

என் கண்ணு ரப்பர்,

உன் கடிதம் வந்த அன்றே போன் செய்தேன். அப்பா எடுத்து, "அவ வேலைக்குப் போயிருக்கா" என்று வைத்துவிட்டார். மறுநாள் நீயே கூப்பிட்டு "இருக்கிறேன், பேப்பர்காரர் வரவில்லை" என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அன்று போனில் சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன்.

நான் கெட்டிக்காரி இல்லை. ஒரு கொலையாளியையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நீயேதான் ஒவ்வொரு தடவையும் காட்டிக்கொடுத்தாய்.

முதல் பிரதியை எடுத்துப் பார். "டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்." "எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கினான்." இரண்டாவது பிரதியில் கொலையாளி எலக்ட்ரீஷியன். உடனே டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டான், எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கினார். மூன்றாவதில் தலைமையாசிரியர் பேப்பர் படித்தார். நான்காவதில் தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தார். எல்லாரும் அவன் இவன் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, பத்துப் பேரில் ஒருத்தருக்கு மட்டும் தவறாமல் 'ர்' போட்டிருக்கிறாய். யாரைக் கொலைகாரனாக வைக்கிறாயோ அந்த ஆளிடம் உன் கை எழுந்து நிற்கிறது.

இது எனக்கு இரண்டாவது பிரதியிலேயே தெரியும். சொல்லவில்லை. ஏன் என்று கேள். என் நாவல் ஆறாம் அத்தியாயத்தில் செத்து மூன்று வருடமாகிறது. நாள் முழுக்கச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். உன் பார்சல் வரும்போதுதான் நானும் ஓர் எழுத்தாளர் என்று தோன்றும். நீ முடித்துவிட்டால் எனக்கு யார் அனுப்புவார்கள்? அந்தப் பொறாமையை, பயத்தை, எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள். உன் பதினைந்து மாதத்தைத் தின்றவள் நான்தான்.

நீ எழுத முடியாமல் நிற்கிற அந்த வாக்கியம், "கொன்றவன் இவன்" என்பதுதானே? உனக்கு எழுத வராமல் இல்லையடி. அந்த 'ன்' மட்டும் வரவில்லை.

என் வீட்டுக்காரரை நானும் 'அவர்' என்றுதான் சொல்கிறேன், பயத்தால் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த மனுஷன் திரும்புவதில்லை. உனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கு யார் அந்த 'அவர்'?

உன்,
மாத்திரை


மார்ச் 22

மாத்திரை,

ரெக்கார்டு ரூமில் இரண்டு அலமாரிக்கு நடுவில் நின்றுகொண்டே படித்தேன். முதலில் உன்னைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. பதினைந்து மாதம் என்னை ஒரு மக்காக உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாய். என் பிழைப்பில் இருந்த ஒரே நல்ல விஷயம் உன் கடிதம். அதிலும் நீ மண்ணைப் போட்டாய்.

அப்புறம் நீ கேட்ட கேள்வி.

எங்கள் வீட்டில் 'அவர்' ஒருத்தர்தான். செருப்புச் சத்தம் கேட்டால் அம்மாவும் நானும் எழுந்து நிற்போம். அது மரியாதை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விழுந்துவிட்டாள் என்றார்கள். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, சோறு போடுகிறவர் அவர். அதே ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரார் ஃபைல் எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுடையதை ஒரு நாளும் தொட்டதில்லை. நேற்று எடுத்தேன்.

மூன்று தடவை சேர்த்திருக்கிறார்கள். இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறாள். மூன்று சீட்டிலும் ஒரே வரி. "படியில் தவறி விழுந்தார். தகவல் கூறியவர்: கணவர்." வாழ்க்கையில் அம்மாவுக்கு ஒரு 'ர்' கிடைத்தது அந்தச் சீட்டில்தான்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாய். அம்மா இருந்த அதே வீடுதான். ஒரே தளம். வாசலில்கூடப் படி கிடையாது.

இன்று காலையும் எட்டு மணிக்குத் தட்டு வைத்தேன். குழம்பு மேஜையில் சிந்தியது. "கண்ணு தெரியலையா?" என்றார். "தெரியுதுப்பா" என்றேன். எங்கே போவேன், யாரிடம் சொல்வேன், ஒன்றும் புரியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 10

என் ரப்பருக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டு. ஆனால் பதில் போடு.

போன் அடித்தால் அப்பாதான் எடுக்கிறார். அவர் குரலைக் கேட்டதும் நான் வைத்துவிடுகிறேன். நீ இத்தனை வருடம் எப்படி அங்கே மூச்சு விட்டாய்? நாவல் எக்கேடும் கெடட்டும். பதிப்பகத்து அம்மாவிடம் நான் பேசுகிறேன், தவணை கேட்கிறேன், காலில் விழுகிறேன். நீ முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வா. இங்கே வந்துவிடு. வாண்டுகளின் அறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது.

நான் செய்தது துரோகம். தெரியும். ஒரு வரி எழுது, "போடி" என்று எழுதினாலும் போதும்.

உன்,
மாத்திரை


மே 3

மாத்திரைக்கு,

போடி.

நீ கேட்ட வரியை எழுதிவிட்டேன். கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உறையின் பின்னால் இருப்பது புது முகவரி. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு நர்ஸம்மா வீட்டு மாடி அறை. ஜன்னல் ஒன்று, மேஜை ஒன்று, கால் ஆடுகிற நாற்காலி ஒன்று. முழு நாவலையும் இருபத்தொன்பதாம் தேதி நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிப்பகத்து அம்மா கடைசி அத்தியாயத்தை என் எதிரிலேயே படித்தார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். உனக்குப் பிரதி அனுப்பவில்லை. அனுப்பக் கொஞ்ச நாளாகும்.

வீட்டை விட்டு எப்படி வந்தேன் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் கை வழக்கம்போல 'ர்' போட்டது. அடித்தேன். மறுபடியும் 'ர்'. மறுபடியும் அடித்தேன். ஏழாவது தடவை 'ன்' வந்தது. வந்ததும் மடை திறந்த மாதிரி பக்கம் நிறைந்தது. கொன்றவன் இவன். தேநீரில் மருந்தைக் கலந்தவன் இவன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு நல்லவன் மாதிரி அழுதவன் இவன். எழுதி முடித்து நிமிர்ந்தால் அப்பா பின்னால் நிற்கிறார். செருப்பில்லாமல் வந்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

தாளை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முழுசாகப் படித்தார். "யாருடி இவன்?" என்று கேட்டார்.

உட்கார்ந்தபடியே, "நீதான்" என்றேன்.

பிறந்ததிலிருந்து அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. கை ஓங்குவார் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். ஓங்கவில்லை. தாளை மேஜையில் வைத்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அவளாத்தான் விழுந்தா. நான் தள்ளவே இல்ல" என்றார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது விஷமடி, மாத்திரை. தள்ளுவதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ரப்பர்