கோட்டுக்கு முப்பத்துநான்கு மதிப்பெண் கீழே

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

அக்கா லொரெய்ன் எழுதுகிறேன். நானும் உன் மகள் டெலியாவும் நலம். நீ வேலை பார்க்கும் கப்பல் டிட்ராய்ட் பக்கம் வரும்போது, கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால் படகில் இது உன் கைக்கு வரும். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

உன் வண்டியின் பேட்டரி செத்துவிட்டது. வாரம் ஒருமுறை கிளப்பி வை என்றாய், மறந்துவிட்டேன். திட்டுவதற்கு இது போதாது, மேலே படி.

போன மாதம் நீ அனுப்பிய அட்டையை டெலியா எனக்கு வாசித்துக் காட்டினாள். "அப்பா பெரிய மீன் புடிச்சாராம் அத்தை. சமையக்காரரு வறுத்துக் குடுத்தாராம். எனக்கு ஒரு நாய்க்குட்டி பாத்து வெச்சிருக்காராம்" என்று வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தாள். அவள் போன பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். காற்று பலமாக இருக்கிறது, கோட்டுப் போட்டுக்கொள், அத்தை பேச்சைக் கேள் என்றுதான் எழுதியிருந்தாய். ஒன்பது வயது ஆகிறது வெண்டல். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. நீ கேட்டபோதெல்லாம் நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னவள் நான்.

இது எனக்குப் போன இலையுதிர் காலத்திலேயே தெரியும். எங்கள் மாவட்டப் பள்ளிகளுக்கு மாநிலம் கூடுதல் நிதி கொடுத்தது. அதை எதில் போட்டால் பிள்ளைகளின் தேர்ச்சி ஏறும் என்று எங்கள் கல்வி அலுவலகத்தில் கூடிப் பேசினோம். வாசிப்புப் பயிற்சிக்கு இரண்டு ஆசிரியைகளை வைக்கலாம் என்று முடிவாயிற்று. இரண்டு பேரால் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைத்தான் பார்க்க முடியும். பின்தங்கியவர்களோ நூற்று அறுபத்து மூன்று பேர். அப்போது எங்கள் அதிகாரி பிராண்ட், "தேர்ச்சிக் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிறவங்களத் தூக்கிவிடுவோம். ரொம்பக் கீழ இருக்கிறவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இந்த வருஷம் கணக்குல வராது" என்றார்.

இல்லை, பொய் எழுதுகிறேன். அதை முதலில் சொன்னது நான். மதிப்பெண் பட்டியலெல்லாம் என்னிடம்தானே இருந்தது. தேர்ச்சிக் கோட்டுக்குப் பத்து மதிப்பெண்ணுக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் எல்லோரும் தாண்டிவிடுவார்கள் என்று நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிராண்ட் டோனட்டைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்குத்தாம்மா நீ வேணும்ங்கிறது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டெலியா கோட்டுக்கு முப்பத்துநான்கு மதிப்பெண் கீழே இருந்தாள். அவள் பெயரைப் பார்த்தேன், தாண்டிப் போனேன். சொந்தத் தம்பி பிள்ளையைச் செருகினாள் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்று நினைத்தேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளுக்கு மக்ரோனி கிண்டிக் கொடுத்தேன்.

வாசிப்பு ஆசிரியை திருமதி ஓட்டிஸ் ஒரு நாள் கடையில் என்னை நிறுத்தினார். "உங்க தம்பி பொண்ணு திங்கட்கிழமையானா எங்க அறைக் கதவுல ஒட்டியிருக்கிற பட்டியலுக்கு முன்னாடி வந்து நிக்கிறா லொரெய்ன். படிக்க வராத பொண்ணு, தன் பேர மட்டும் தேடத் தெரியுது. யாரு போட்ட பட்டியல்னு கேட்டா. தெரியாதுன்னு சொல்லி வெச்சேன்" என்றார். நான் தக்காளியைப் பொறுக்குவது போல் குனிந்துகொண்டேன்.

இந்த ஆண்டு எங்கள் மாவட்டம் தரவரிசையில் ஒரு படி மேலே போனது. பத்திரிகையில் படம் வந்தது, மூன்றாவதாக நிற்பது நான்தான். பாராட்டுப் பலகை ஒன்றும் கொடுத்தார்கள். அதே வாரம் டெலியா மறுபடியும் மூன்றாம் வகுப்புதான் என்று கடிதம் வந்தது. மேசையில் உட்கார்ந்து, "நான் முட்டாளா அத்தை? சும்மா சொல்லு, அழமாட்டேன்" என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

இந்த ஆண்டும் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. அவளைச் செருகிவிடலாம். செருகினால் அவளைப் போலவே கீழே கிடக்கும் மற்றப் பிள்ளைகளை என்ன செய்வது? பத்து மதிப்பெண்ணுக்குள் என்ற வரம்பை மாற்றுங்கள் என்று பிராண்டிடம் கேட்டேன். "நல்லாப் போற வண்டிய ஏம்மா நிறுத்தற?" என்றார்.

ஆகவே ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு வாசிப்பில் ஏதோ தடை இருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று பெற்றவர் எழுதிக் கேட்டால் அலுவலகம் அதை ஒதுக்கி வைக்க முடியாது. மாட்டோம் என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கேட்டு வாங்கலாம் என்று பட்டியலில் விட்டுப்போன பிள்ளைகளின் பெற்றோர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, நாங்களும் சொல்வதில்லை. இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். பதினோரு வீடுகளுக்குப் போய்விட்டேன். பிராண்ட் காதுக்கு எட்டும்போது என் வேலை இருக்குமோ இருக்காதோ.

டெலியாவுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, நீதான் போட வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஒரு கேள்வி தவிர. பிள்ளைக்கு இதுவரை ஏன் உதவி கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அதை நீயே எழுது தம்பி. என் பெயரை எழுதத் தயங்காதே. வருகிற படிவங்களைப் பிரித்துப் பார்ப்பவள் நான்தான், நானே பிராண்டின் மேசையில் கொண்டு வைப்பேன்.

கப்பல் தளத்தில் ஈரம் இருக்கும், பார்த்து நட. என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் வரட்டும், கையெழுத்தை மட்டும் போடாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா,
லொரெய்ன்