அடுத்த அறையில் பர்வின்

ஜூலை 7, ஞாயிறு

நீடாமங்கலத்தில் பள்ளிவாசல் மாடியில் பதினோரு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு மார்க்க வகுப்பு எடுக்கிறேன். இன்று என் அறையில் ஒன்பது பேர். அடுத்த அறையில், போன மாதம் மார்க்கக் கல்லூரியில் படித்து ஆலிமா பட்டம் வாங்கி வந்த பர்வினிடம் இருபத்திரண்டு பேர். வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணினேன்.

ஜூலை 14, ஞாயிறு

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்து, அவள் ஜன்னலோரம் நின்று கேட்டேன். கையில் ஒரு தாள் கிடையாது. "அல்லாஹ்கிட்ட கேளுங்க, குடுப்பான். சந்தேகமே வேணாம்" என்கிறாள். பிள்ளைகள் அசையவில்லை. இருபத்து மூன்று வயதில் இவ்வளவு உறுதியா? இவளுக்குக் கேட்டு எதுவும் கிடைக்காமல் போயிருக்கிறதா?

ஜூலை 21, ஞாயிறு

எப்போதும் பார்த்து வாசிக்கும் நோட்டை மூடிவிட்டு, அவளைப் போலவே குரலை உயர்த்தி, "கேட்டா கிடைக்கும்" என்றேன். பத்தாவது படிக்கிற ரிஃப்கா கையைத் தூக்கினாள். "மிஸ், நெசமாவே நம்பித்தான் சொல்றீங்களா?"

கேலி இல்லை. அவள் அம்மா சிறுநீரகம் கெட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நான் மறுபடி நோட்டைத் திறந்துகொண்டேன்.

பதினாலு வருடம் ஒரு குழந்தை கேட்டேன். அதை இவர்களிடம் எப்படிச் சொல்ல?

ஜூலை 28, ஞாயிறு

ரிஃப்காவும் பர்வினிடம் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரிஃப்காவின் அம்மா மௌத்தாகிவிட்டார். சாவுச் செய்தி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது — இனி பர்வின் என்ன சொல்றான்னு பாப்போம். ச்சே, நானெல்லாம் மனுஷியா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பர்வினுக்குக் காய்ச்சலாம். முப்பத்தோரு பேரும் என் அறையில். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்?

ரிஃப்கா எழுந்தாள். "தெனமும் அழுது கேட்டேன் மிஸ். ஏன் குடுக்கல?"

நோட்டில் பதில் இருந்தது. வாசிக்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா. நான் பதினாலு வருஷம் புள்ள கேட்டேன். குடுக்கல. கோவத்துல ஒரு வருஷம் தொழுகையவே விட்டேன். அப்புறம் திரும்பிப் போனேன். எதையும் கேக்குறதுக்காக இல்ல. அவன்கிட்ட பேசாம என்னால இருக்க முடியல. இத மட்டும் உறுதியாச் சொல்லுவேன்."

ரிஃப்கா வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

தொழுகையை விட்டதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. ஜமாஅத்தில் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பர்வின் என் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சலெல்லாம் இல்லை.

"லாத்தா, மூணு தடவ ரிஃப்கா வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். என்ன சொல்றதுன்னே தெரியல. உங்களால மட்டும் எப்படிப் பேச முடிஞ்சுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, ஜன்னலோரம் நின்று நான் அவளைப் பார்த்த அதே பார்வை. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"வா, ரெண்டு பேருமாப் போவோம்" என்று புர்காவை மாட்டினேன்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். என்ன பேச்சு! எனக்கு இன்னும் எரிகிறது. ரிஃப்கா வீட்டு வாசலில் பேச்சு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவைத் தட்டினேன்.