ஒன்பதாம் நாள் ஜெபம்

1902 ஜனவரி 6, பத்தாங்காஸ்

ஊர் மொத்தத்தையும் காவல் வளையத்துக்குள் அடைத்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு குடிசையில் மூன்று குடும்பம். வெளியே விட்டுவந்த நெல்லையெல்லாம் அமெரிக்கர்கள் கொளுத்திவிட்டார்கள். "ஸ்பெயின்காரனிடமிருந்து உங்களை மீட்டதே நாங்கள்தான்" என்கிறார் கேப்டன். அதையும் நான்தான் ஊராருக்கு மொழிபெயர்க்கிறேன். ஹாங்காங்கில் கப்பல் குமாஸ்தாவாக இருந்தபோது கற்ற இங்கிலீஷ், என்ன செய்வது?

தம்பி எலாடியோ மலையில், துப்பாக்கியோடு. "அவன் சண்ட போடுறான், நீ சலாம் போடுற" என்கிறாள் அம்மா. அவள் தின்பது அந்தச் சலாமுக்குக் கிடைத்த அரிசிதான்!

ஜனவரி 9

தேவாலய வாசலில் நான்கு பிணங்கள். மலையிலிருந்து கொண்டுவந்தவை. "இவனைத் தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டி என்னிடம் கேட்டார் கேப்டன். மூன்றாவது எலாடியோ.

மலைக்காரன் குடும்பம் என்று தெரிந்தால் அம்மாவுக்குச் சிறை. "தெரியாது" என்றேன். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஐயோ, உன் கண்ணைக்கூட மூடிவிடவில்லையேடா நான்.

ஜனவரி 10

யாரோ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. "ஒம்பது நாளும் ஜெபம் வைக்கப் போறேன்" என்றாள்.

"யாருக்குன்னு கேட்டா மாட்டிக்குவோம்மா!"

"எம் புள்ளைய நாய் மாதிரி அனுப்பச் சொல்றியா?"

அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

ஜனவரி 14

ஐந்தாம் நாள். குடிசை கொள்ளாத கூட்டம். பக்கத்துக் குடிசை சபேலா அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "யாருக்குன்னு நாங்க கேக்கவே மாட்டோம்ப்பா. செத்தவனுக்குத் தெரியும்."

ஜனவரி 16

நான் கொண்டுவரும் அரிசியை அம்மா தொடுவதேயில்லை.

ஜனவரி 18

ஒன்பதாம் நாள். ஜெபத்தின் நடுவே கேப்டன் இரண்டு சிப்பாய்களோடு, என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இது என் வீடென்று அவருக்குத் தெரியாது. "யார் செத்தது? அந்த அம்மாளைக் கேள்" என்றார்.

கேட்டேன். பெற்றவளிடம், யாரோ போல.

ஜெபமாலையை உருட்டியபடியே அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எம் மூத்த மவன்னு சொல்லு. தேவாலய வாசல்ல 'தெரியாது'ன்னு சொன்னான்ல, அன்னிக்கே செத்துட்டான்."

கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்த மகனாம்" என்றேன் இங்கிலீஷில்.

"எப்படி?"

"காய்ச்சலாம்."

கேப்டன் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்குத் தலை தாழ்த்திவிட்டுப் போனார். ஜெபம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நானும் கடைசி வரிசையில் முழங்காலிட்டு ஆமென் சொன்னேன்.