சேகர் அண்ணனுக்குத் தெரியாத சிவப்பு

செவ்வாய், இரவு.

நிரலில் பிழை தேடும் எங்கள் டிபக்கிங் கருவி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகவே கொட்டும். இன்று அதில் நிறம் சேர்த்தேன். பிழை வந்தால் சிவப்பு, சரியாக ஓடினால் பச்சை. எங்கள் ஈப்போ ஆபீஸில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பக்கத்து மேசை சேகர் அண்ணன் மட்டும் பிழை வரியைக் கவனிக்காமல் தாண்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, சிவப்பா இருக்கே, தெரியலையா?"

குரலைத் தாழ்த்தினார். "சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மாதிரிதான்மா. மேனேஜர்கிட்ட சொல்லிடாத லா."

வேலைக்கு ஏதும் ஆபத்து வந்துவிடுமென்று பயம் போல.

சாயங்காலமே பிழைக்கு மஞ்சள், சரியாக ஓடினால் நீலம் என்று மாற்றி, பிழை வரிக்கு முன்னால் 'எரர்' என்றும் போட்டேன். அண்ணன் பிழையை உடனே பிடித்துவிட்டார். சிவப்பு எங்கே என்று மேனேஜர் நாளைக்குக் கேட்பார். எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.