நீங்க சாப்புட்டு வாங்க

22 அக்டோபர் 2025, புதன்

தீபாவளி முடிந்து எங்கள் பவர்டேபிள் தையல் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. தைக்கிற பிள்ளைகள் எல்லாம் தெற்கே ஊருக்குப் போய்விட்டார்கள். மிஷின் சத்தம் இல்லாத வேலம்பாளையத்தில் எனக்கே தூக்கம் வரவில்லை.

இன்றைய அதிசயம்: என் வீட்டுக்காரர் கந்த சஷ்டி விரதமாம். ஆறு நாளும் பாலும் இளநீரும்தானாம். கிருத்திகை விரதத்தைக் காலை பத்து மணிக்கே முடித்துக்கொள்கிற மனிதர்! நல்ல போண்டா என்று யாராவது சொன்னால் தாராபுரம் வரைக்கும் வண்டியை விரட்டுகிறவர்! "மருதாசலம்னு முருகன் பேரு வெச்சிருக்கறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

25 அக்டோபர்

இன்னும் தாக்குப் பிடிக்கிறார். "அப்பா வெளியில எங்கியோ சாப்புட்டுட்டு வர்றாரும்மா" என்கிறான் குகன். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனால் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லையே, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். விரதம் நன்றாக வேலை செய்கிறது போல.

28 அக்டோபர்

நேற்றோடு சஷ்டி முடிந்தது. வடையும் பாயசமும் செய்து வைத்தேன். தொடவில்லை. திருச்செந்தூர் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டுத்தான் முடிப்பாராம். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

அவருடைய அக்கா, என் நங்கையா கண்ணம்மாள், போனிலேயே உருகிவிட்டார். "எந்தம்பிக்கு முருகனே வந்து உக்காந்துட்டான் கண்ணு. நீ குறுக்க பேசாத." பேசவில்லை. சனிக்கிழமை நாலு பேரும் காரில் போகிறோம்.

1 நவம்பர், சனி. திருச்செந்தூர் லாட்ஜ்

ஓட்டியது குகன். எங்கே நிறுத்துவது என்பது மட்டும் அவர் கையில். தாராபுரத்தில் நெய் ரோஸ்ட் ("ஊத்துக்குளி நெய், மறக்காமச் சொல்லு"). ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு கொட்டகையில் பணியாரம். மதுரையில் சாப்பாடு, அதற்காகப் பைபாஸை விட்டு ஊருக்குள் சந்து சந்தாகச் சுற்றல். கோவில்பட்டியில் கடலைமிட்டாய். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு: "நீங்க சாப்புட்டு வாங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்." வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

திரும்பி வந்தால் விசாரணை. சாம்பார் எப்படி, சட்னி காரமா, தேங்காயா?

"சாம்பார் சாம்பாராட்டத்தான் இருந்துச்சு."

"உனக்கு நாக்கே இல்ல புள்ள."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பேச்சு. எனக்கு வயிறு நிறைந்தால் போதும், அதற்கு என்ன செய்ய? ஆனால் மதுரையில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "பட்டினி கெடக்கறவரு எங்கள எதுக்குக் கடை கடையாக் கூட்டிட்டுப் போறீங்க? உங்கள வெளிய உக்கார வெச்சுட்டு எங்களுக்கு எப்படி எறங்கும்?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நங்கையா என்னை முறைத்தார்.

3 நவம்பர், திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் நல்ல தரிசனம். பன்னீர் இலை விபூதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தார். "விரதம் முடிஞ்சுது, இனி நல்லாச் சாப்புடு சாமி" என்றார் நங்கையா. வருகிற வழியில் விருதுநகர். பொரிச்ச பரோட்டாக் கடை. அவர் வருஷக்கணக்காகப் பெருமை பேசுகிற கடை. இந்தத் தடவை காரில் உட்காரச் சாக்கு இல்லை. எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

சின்னதாக ஒரு துண்டு பிய்த்து, சால்னாவில் ஊற வைத்து, மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்தார். இன்னொரு துண்டு. மறுபடியும் தண்ணீர். நங்கையா கோயிலுக்குப் போய் வந்து கறிச் சால்னாவா என்று பரோட்டாவைச் சர்க்கரையில் தொட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நானும் குகனும் சிரித்துக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து போனார். பின்னாலேயே போன குகன் ஓடி வந்தான். "அம்மா, வாங்க."

கை கழுவுகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக் குனிந்து நின்றார். தின்ற ரெண்டு துண்டும் அப்படியே வெளியே கிடந்தது.

"எறங்க மாட்டீங்குது பாரதி. நெஞ்சுலயே நிக்குது. ஆடிலருந்தே."

ஆடியிலிருந்து! அப்போ விரதம்? விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. கஞ்சியையும் ரசத்தையும் வைத்து எப்படியோ ஓட்டியிருக்கிறார். சஷ்டி வந்ததும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஆசுபத்திரி, ஸ்கேனுன்னு ஆரம்பிச்சுரும். அதுக்கு முன்னால ஒருக்கா உங்களையெல்லாம் நல்ல கடையாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்."

படுபாவி மனுசன்! நான் என்னத்தப் பாத்துட்டு இருந்தேன்? பெல்ட்டுல ஓட்ட போட்டதக் கண்ணால பாத்தேனே — கேலி பண்ணத்தானே தோணுச்சு எனக்கு?

7 நவம்பர்

கோயமுத்தூர். வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

17 நவம்பர்

அதுதான்.

24 நவம்பர், திங்கள்

வயிற்றில் குழாய் வைத்து அனுப்பிவிட்டார்கள். இனி எல்லாம் அதன் வழியாகத்தான். ரேடியேசனில் கட்டி சுருங்கினால் ஆபரேசன் செய்யலாமாம். சுருங்காவிட்டால் என்று நானும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

சோறும் பருப்பும் காரட்டும் குழைய வேக வைத்து, மிக்ஸியில் அடித்து வடிகட்டினேன். உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நாக்கில் படாத சாப்பாட்டுக்கு உப்பு எதற்கு? அழுகை வந்துவிட்டது. அப்புறம் போட்டேன்.

3 டிசம்பர், புதன்

ரேடியேசன் தொடங்கிவிட்டது. சனி, ஞாயிறு தவிர தினமும் கோவை. குகன்தான் ஓட்டுகிறான்.

இன்று அவிநாசி தாண்டியதும் ஒரு கடையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "நீங்க சாப்புட்டு வாங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்." பசிக்கவில்லை என்றோம். "நீங்களும் பட்டினி கெடந்து ஆருக்கு என்ன லாபம்? போங்க" என்று கோபப்பட்டார். போய் ரெண்டு இட்லியை விழுங்கிவிட்டு வந்தேன்.

"சட்னி எப்படி?"

தெரியவில்லை. என்ன சட்னி என்றுகூட நினைவில்லை. எவ்வளவு ஆசையாகக் கேட்டார்! முகம் வாடிவிட்டது.

19 டிசம்பர், வெள்ளி

அதே கடை. எதையும் விட்டுவிடக் கூடாது என்று குகனைப் பேச விடாமல் சாப்பிட்டேன். ரவா தோசை. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. முழு மிளகு மூன்று இடத்தில் கடிபட்டது. தக்காளிச் சட்னியில் பூண்டு தூக்கல். சாம்பாரில் வெல்லம் சேர்த்திருக்கிறார்கள், கடைசியில்தான் தெரிகிறது.

காரில் போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். வெல்லம் என்றதும் தலையை ஆட்டினார்.

"உப்பு?"

ஐயோ. அதைக் கவனிக்கவே இல்லை. சும்மா எதையாவது சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. "இருங்க, வந்தர்றேன்" என்று திரும்பக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிற தம்பி ஒரு மாதிரி பார்த்தான். வயிற்றில் இடமில்லை. இருந்தாலும் இன்னொரு ரவா தோசை சொன்னேன்.

மாவில் உப்பு சரி. சாம்பாரில் கொஞ்சம் கம்மி.