கையைத் தூக்கினால் நிப்பாட்டுவன்

ஆரணியின்ர அப்பாவுக்கு,

நீங்கள் போன் எடுக்கிறேல்லை. அதால எழுதுறன்.

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தையில பல் டொக்டரிட்டை அவளின்ர சூத்தைப் பல்லைப் பிடுங்கினது. வழி முழுக்க நான், "நோகாது குஞ்சு, எறும்பு கடிச்ச மாதிரித்தான்" எண்டு சொல்லிக்கொண்டு போனனான். டொக்டர் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிப்போட்டு அவளிட்டைச் சொன்னா: "ஊசி நோகும். பத்து எண்ணும்வரைக்கும் நோகும். தாங்கேலாட்டிக் கையைத் தூக்குங்கோ, நான் நிப்பாட்டுவன்."

ரெண்டு தரம் தூக்கினாள். ரெண்டு தரமும் டொக்டர் நிப்பாட்டினா. மூண்டாந்தரம் பிள்ளை தானாவே வாயைத் திறந்தாள்.

திரும்பி வரேக்க ஓட்டோவில, வாயில பஞ்சோட கேட்டாள்:

"நோகாது எண்டு நீங்கள் சொன்னது பொய். அப்ப, அப்பா கட்டாரில வேலை எண்டதும் பொய்யோ?"

நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த அந்தப் பொய்யை ஒரு வருஷமாச் சொல்லிப்போட்டன். நேற்று எனக்கு வாய் வரேல்லை. வீட்டை வந்து, அவளைப் பக்கத்தில இருத்தி, "இது நோகும், தாங்கேலாட்டிக் கையைத் தூக்கு" எண்டுதான் தொடங்கினனான். நீங்கள் கொட்டாஞ்சேனையில, ஒரு பஸ் ஏறினால் வரக்கூடிய தூரத்தில இருக்கிறீங்கள் எண்டதை அசையாமல் கேட்டாள். அங்க ஆரோட குடியிருக்கிறீங்கள் எண்டு சொல்ல வெளிக்கிட, சின்னக் கை மேல வந்தது.

நிப்பாட்டிப்போட்டன்.

மிச்சத்தை நீங்கள்தான் சொல்லவேணும். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. நோகாது எண்டு மட்டும் அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

அவளின்ர அம்மா