மூடின பெட்டிக்கு ஒரு பிடி அரிசி

என் அருமை அப்பா,

உங்கள் கதிரையில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன். மேசையில் இருந்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இங்கே நோர்வேயில், நம்முடைய புருசெத்தில் பனி இன்னும் கரையவில்லை. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வழித்துக் குவித்த பனி கறுத்துப்போய்க் கிடக்கிறது. நீங்கள் போய் ஐந்து கிழமை. அம்மா என்னோடு கதைக்கிறா, ஆனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

என்னில் கோபமா அப்பா? கேட்டால் "விடடா" என்றுதான் சொல்லுவீர்கள். அதை நினைக்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் முருகனைக் கும்பிட்டீர்கள். நான் பதினாறு வயதில் நோர்வேக்காரரின் இளைஞர் கூட்டத்துக்குப் போகத் தொடங்கி, அங்கேயே ஞானஸ்நானமும் எடுத்தேன். அங்கே வெள்ளிக்கிழமைகளில் வாஃபிள் சுட்டுக் கொடுப்பார்கள். "மூத்தவனை ரெண்டு வாஃபிளுக்கு வித்துப்போட்டம்" என்று நீங்கள் சனமெல்லாம் கேட்கச் சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா அழுதா, நீங்கள் ஒருநாளும் மறிக்கவில்லை. இருபத்துநாலு வயதில் சபை என்னை யப்பானுக்கு ஊழியத்துக்கு அனுப்பியபோதும் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்கள், அங்கை புட்டுக்கு மா கிடைக்குமோ என்று. கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வறுத்த மா இரண்டு கிலோவைப் பெட்டிக்குள் திணித்தீர்கள். என் வேதாகமத்தின் ஓரம் இன்றைக்கும் அரிசிமா மணம்தான்.

யப்பானில் இருந்து சபைக்கு நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் நன்றாகவே நடந்தது. உள்ளதை உள்ளபடி கேட்டது நீங்கள் ஒருவர்தான். ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அட்டையைச் சுரண்டி எடுத்துப் பேசுவேன். ஆராதனைக்கு ஏழு பேர் வந்தார்கள், அதிலே மூன்று பேர் என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்தவர்கள் என்பேன். மலசலகூடத்துக்கென்று வைத்திருக்கிற செருப்போடு செபம் பண்ணுகிற மண்டபத்துக்குள் போய் நின்று பிரசங்கம் செய்ததைச் சொன்ன அன்று, நீங்கள் சிரித்த சிரிப்பில் அட்டையில் இருந்த நிமிடம் எல்லாம் முடிந்து போனது.

பக்கத்து வீட்டு மொரிதா ஐயாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும், காணாமலே தெரியும். மனைவியை இழந்து தனியாக இருந்த மனிதர். மீன்முள்ளையும் போத்தலையும் ஒரே பையில் போட்டேன் என்று என் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர். ஒரு மாதம் அவர் குப்பையைக் கொண்டுவருவதும், நான் குனிந்து மன்னிப்புக் கேட்பதுமாகப் போனது. பிறகு குப்பைக்குப் பதிலாக முள்ளங்கி வரத் தொடங்கியது. நான் புட்டவித்துக் கொடுத்தேன். தேங்காய்ப்பூவை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மரியாதைக்காகச் சாப்பிட்டார்.

இரண்டாவது மாரிக்குளிரில் அவர் செத்துப்போனார். தூர இருந்து வந்த மகளுக்கு உதவிக்கு ஆட்கள் போதாது, என்னையும் வரச் சொல்லிக் கேட்டா. பௌத்தச் சடங்கில் பூ வைக்கலாம், சாம்பிராணி போடவோ படத்துக்கு முன்னால் குனியவோ கூடாது என்று நோர்வேயில் இருந்து புறப்படும்போதே சபையார் எனக்குச் சொல்லித்தான் விட்டார்கள். அந்த மகளின் முகத்தைப் பார்த்தபிறகு என்னால் அப்படி நிற்க முடியவில்லை. ஒரு கிள்ளுச் சாம்பிராணித் தூளை எடுத்துத் தணலில் போட்டேன். குனிந்தேன். எரித்த பிறகு அங்கே எலும்புகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, குச்சிகளால் எடுத்துச் சாடிக்குள் வைக்கவேண்டும். கால் எலும்பு முதல், தலை கடைசி. நானும் அவர் மகளும் சேர்ந்து எடுத்தோம். ஒன்றையும் விழுத்தவில்லை.

இதைச் சபைக்கு எழுதவில்லை. உங்களுக்குத்தான் சொன்னேன். முதலில், காலில் இருந்தோ தொடங்குகிறார்கள் என்று கேட்டீர்கள். ஓம் என்றேன், அப்போதுதானே ஆள் சாடிக்குள் தலைகீழாக நில்லாமல் இருப்பார் என்றேன். பிறகு சொன்னீர்கள்:

"நல்ல காரியம் செய்திருக்கிறாய். அப்ப எனக்கும் பயமில்லை."

உங்களுக்கும் நான் செய்வேன் என்று நம்புகிறீர்கள் என்று எனக்கு விளங்கியது அப்பா. விளங்காத மாதிரிச் சிரித்துக் கதையை மாற்றினேன். அன்றைக்கு ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

வேலைக்குப் போக ரயில் நிலையத்துக்கு நடந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். நான் வந்து சேர இரண்டு நாள். ஆனால் இந்த நாட்டில் அடக்கத்துக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுக்குமே, யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. மூத்தவனின் கடமையைச் செய்வேன் என்றுதான் இருந்தேன். அம்மாவிடமும் சொன்னேன்.

அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் பெட்டி திறந்திருந்தது. ஐயர் அரிசித் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் ஏனோ திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் என் சபையார் ஆறு பேர், நடுவில் என் தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பிய போதகர். அவர்களுடைய சபைச் சுவரில் யப்பான் வரைபடத்துக்குப் பக்கத்தில் என் படம் குத்தியிருக்கிறது. என் கை எழும்பவில்லை அப்பா.

"நான் கிறிஸ்தவன் ஐயா. என்னாலை ஏலாது."

ஐயரிடம் மெல்லத்தான் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவ என்னை ஒருதரம் பார்த்தா, பிறகு பார்க்கவில்லை. சித்தப்பா முன்னுக்கு வந்து, தன் அண்ணனுக்கு வாய்க்கரிசி போட்டார். மூத்த மகன் நான் கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்து வெளியே பனியில் நின்றபோது போதகர் என்னைக் கட்டிப்பிடித்தார். அரிசியை ஏன் நீ போடவில்லை, மகன்தானே போடுவது வழக்கம் என்று கேட்டார். உங்களுக்குப் பயந்துதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? என் விசுவாசம் என்று என்னவோ சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது உன் அப்பா" என்றார். "நீ போட்டிருக்கலாமே. நாங்கள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். பதினாறு வயதில் இருந்து நான் அரண்டுகொண்டுதான் இருந்திருக்கிறேன். நிறத்தையும் பெயரையும் பார்த்து, இவன் உண்மையான கிறிஸ்தவன்தானா என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று அவர்களைவிட இரண்டு மடங்கு கிறிஸ்தவனாக இருந்தேன். யப்பானில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரோ ஒருவருக்கு மகனாக நிற்க முடிந்தது. உங்களுக்கு முன்னால் முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது அப்பா.

எரித்த பிறகு உங்கள் எலும்பையாவது எடுக்கலாம் என்று கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்ல பிள்ளை, தேநீர்கூடத் தந்தாள். இங்கே எல்லாவற்றையும் அரைத்துச் சாம்பலாக்கிச் சின்னப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்களாம். திறக்க முடியாதாம். மொரிதா ஐயாவின் பாத எலும்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுடையதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆண்டவர் மன்னிப்பார், அதைத்தானே ஏழு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீங்கள் மன்னித்தீர்களா என்று யாரைக் கேட்பது?

மே மாதம் நிலம் இளகினதும் சாம்பல் பெட்டியை மண்ணில் தாழ்க்கலாம் என்றார்கள். வீட்டு ஆட்களே கயிற்றில் பிடித்து இறக்கலாமாம். அதுவரை யப்பானுக்குப் போகமாட்டேன் என்று சபைக்கு எழுதிவிட்டேன், ஏன் என்றும் எழுதிவிட்டேன். சாம்பிராணி போட்டதையும் சேர்த்து எழுதினேன்.

அன்றைக்கு அரிசி கொண்டுவருவேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா, நிமிரவில்லை.

"மூடின பெட்டிக்கு அரிசி என்னத்துக்கு?"

ஆனாலும் கொண்டுவருவேன் அப்பா. கயிற்றை நான் பிடிப்பேன். ஒரு பிடி அரிசியை அந்தக் குழிக்குள் என் கையால் போடுவேன். பின்னுக்கு ஆர் நின்றாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன். அது உங்கள் வாய்க்கு வந்து சேராது என்று தெரிந்துகொண்டுதான் போடுவேன்.

நீங்கள் பயமில்லை என்று நம்பிப்போன,
உங்கள் மூத்தவன்